வாசலில் நின்று கேட்ட மகள்: உஸ்தாத் அலாவுதீன் கான் என்ற ஆசான்



1972ஆம் ஆண்டு செப்டெம்பர் 6 அன்றுதான் இந்தியாவின் மைஹர் என்ற சிற்றூரில் உஸ்தாத் அலாவுதீன் கான் காலமானார். சித்தார் மேதை ரவிசங்கரை எம்மில் பலருக்குத் தெரியும். அவருடைய ஆசானைத் தெரிந்தவர்கள் குறைவு. இசை பற்றி எமது சமூகத்தில் பலவிதமான கருத்துகள் உண்டு. அந்த விவாதத்துக்குள் நாம் போகவில்லை. கற்பதற்கும் கற்பிப்பதற்கும் தன் ஆயுளையே கொடுத்த ஒரு மனிதரைப் பற்றி, ஆசிரியர்கள் என்ற வகையில் பேசுகின்றோம்.

இன்றைய பங்களாதேஷின் பிராமன்பாரியா பகுதியிலுள்ள ஷிப்பூர் அவர் பிறந்த கிராமம். வாப்பாவும் மூத்த நானாவும் இசை தெரிந்தவர்கள். சிறு வயதிலேயே வீட்டை விட்டு ஓடிப் போனவர், கல்கத்தாவில் நூலோ கோபால் என்ற பாடகரிடம் சேர்ந்தார். பன்னிரண்டு வருடங்கள் சுரப் பயிற்சி மட்டும்தான் என்பது ஆசானின் நிபந்தனை. ஏழாவது வருடத்தில் ஆசான் பிளேக் நோயில் இறந்துபோனார். அதன் பின்னர் பாட்டை விட்டுவிட்டு வாத்தியங்களின் பக்கம் திரும்பினார். கோவாவைச் சேர்ந்த ஒருவரிடம் வயலின் கற்றார். நாடக அரங்குகளில் வாசித்துப் பிழைத்தார். முக்தாகாச்சா ஜமீன்தாரின் மாளிகையில் அஹ்மத் அலி கானின் சரோத் வாசிப்பைக் கேட்ட நாளில், இனி இதுதான் என்று முடிவு செய்தார்.

ராம்பூரில் தான்சேனின் வழிவந்த வஸீர் கான் இருந்தார். அவரிடம் நெருங்கவே முடியவில்லை. கடைசியில் நவாபின் வாகனத்துக்கு முன்னால் பாய்ந்து தன் ஆசையைச் சொன்னார் என்பது இசையுலகில் இன்றும் பேசப்படும் கதை. மாணவராக ஏற்றுக்கொள்ளப்பட்ட பின்பும் பாடம் உடனே கிடைக்கவில்லை. அந்தக் காலத்தில் வித்தை என்பது குடும்பச் சொத்து. ருத்ர வீணையை வெளியாருக்குச் சொல்லிக்கொடுக்க மாட்டார்கள். பொறுமையோடு காத்திருந்துதான் அவர் அந்த அறிவைப் பெற்றார்.

இத்தனை கஷ்டப்பட்டுப் பெற்றதை அவர் பூட்டி வைக்கவில்லை. அதுதான் இந்தப் பதிவை எழுதத் தூண்டிய விடயம்.

1918 அளவில் மைஹர் மன்னர் பிரிஜ்நாத் சிங்கின் அரசவைக் கலைஞரானார். அப்போது தொற்றுநோயில் பெற்றோரை இழந்த பிள்ளைகள் பலர் ஊரில் இருந்தார்கள். அவர்களைச் சேர்த்து ‘மைஹர் பேண்ட்’ என்ற இசைக் குழுவை உருவாக்கினார். எந்த இசைப் பரம்பரையிலும் பிறக்காத அநாதைப் பிள்ளைகள் அவர்கள். துப்பாக்கிக் குழாய்களை அளவாக வெட்டி ‘நல்தரங்’ என்ற புதிய வாத்தியத்தையும் அவர்களுக்காகச் செய்தார். அந்தக் குழு அவருக்குப் பின்னரும் தொடர்ந்தது.

அவர் மிகக் கடுமையான ஆசான். ஏசுவார், அடிப்பார். மகன் அலி அக்பர் இளவயதில் ஒருதடவை வீட்டை விட்டே ஓடினார். இதை நாம் மறைக்கத் தேவையில்லை. இந்த ஒன்றில் அவரைப் பின்பற்றவும் தேவையில்லை.

அவர் ஒரு பெரிய தவறைச் செய்து, பின்னர் திருத்திக்கொண்டதும் உண்டு. மூத்த மகளுக்கு இசை கற்றுக்கொடுத்திருந்தார். திருமணமாகிப் போன வீட்டில் அவளுடைய தம்புராவை எரித்துவிட்டார்கள் என்று சொல்வார்கள். மனமுடைந்த அவர், இளைய மகளுக்குக் கற்றுக்கொடுப்பதில்லை என்று தீர்மானித்தார். ஒருநாள் வெளியே போய்த் திரும்பி வந்தபோது, நானா அலி அக்பர் பிழையாக வாசித்ததை அந்தச் சின்னப் பிள்ளை பாடித் திருத்திக்கொண்டிருந்தாள். யாரும் சொல்லிக்கொடுக்காமல், பக்கத்தில் நின்று கேட்டே எல்லாவற்றையும் படித்திருந்தாள். அன்றே அவளைக் கூட்டிக்கொண்டுபோய் உட்கார வைத்து, பாடத்தை ஆரம்பித்தார்.

அவர்தான் அன்னபூர்ணா தேவி. மேடையிலிருந்து சீக்கிரமே ஒதுங்கினாலும், 2018இல் காலமாகும் வரை மதிக்கப்பட்ட ஆசிரியை. புல்லாங்குழல் மேதை ஹரிபிரசாத் சௌராசியா அவருடைய மாணவர்.

உதய்சங்கரின் குழுவோடு 1935இல் ஐரோப்பா சென்றபோது பழகிய இளைஞர்தான் ரவிசங்கர். 1938இல் அவர் மைஹருக்கு வந்து, பல வருடங்கள் அங்கேயே தங்கிப் படித்தார். அலி அக்பர் கல்கத்தாவிலும் பின்னர் கலிஃபோர்னியாவிலும் இசைக் கல்லூரிகளை நிறுவினார். 1971 ஆகஸ்ட் 1 அன்று பங்களாதேஷ் அகதிகளுக்காக நியூயோர்க்கில் நடந்த நிகழ்ச்சியில் இருவரும் சேர்ந்து வாசித்தார்கள். ஆசான் பிறந்த மண்ணின் மக்களுக்காக அவருடைய மாணவர்கள் வாசித்தபோது, ஆசான் உயிரோடு இருந்தார். இந்திய அரசு அதே வருடம் அவருக்குப் பத்ம விபூஷண் விருதை வழங்கியது.

உறவுகளே, தரம் 11 படிக்கும் நானாவின் கணக்கைத் தரம் 9 படிக்கும் தங்கச்சி திருத்திக் கொடுப்பதை நாம் நேரில் கண்டிருக்கின்றோம். டியூஷனுக்குப் போனது நானா. வீட்டில் இருந்தது தங்கச்சி. அவளுக்கும் ஒரு கொப்பி வாங்கிக் கொடுக்குமாறு அந்த வாப்பாவிடம் அன்று நாம் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அது இன்னும் எம் மனதில் உறுத்துகின்றது.

இன்று பின்னேரம் பிள்ளைகள் படிக்க உட்காரும்போது கொஞ்சம் கவனியுங்கள். பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருக்கும் பிள்ளையையும் கூப்பிட்டு உட்கார வையுங்கள்.