மரப்பாச்சி: தற்காலக் கலையில் ஓர் ஆடையணி பொம்மை

மரப்பாச்சி என்பது மரக்கட்டையில் செதுக்கப்பட்டு, ஆணும் பெண்ணுமாக இணையாக விற்கப்படும் தென்னிந்தியப் பொம்மையாகும். கை கால்கள் அசையாமல் உடலோடு ஒட்டியிருக்க, கண், மூக்கு, மார்பு, அணிகலன் ஆகியவை சில உளிக்கோடுகளில் சுட்டப்படும் இதற்கு ஆடை உடுத்துவதைத் தச்சர் பெரும்பாலும் வாங்குபவருக்கே விட்டுவிடுகிறார். பட்டுத் துணுக்கு, சரிகைக் கரை, பாசிமணி, வண்ணத்தாள் ஆகியவற்றைக் கொண்டு வீட்டுப் பெண்களும் சிறுமிகளும் இதனை மணமக்களாகவோ ராஜா ராணியாகவோ பெருமாள் தாயாராகவோ ஒப்பனை செய்வதால், உடுத்தி அழகுபார்ப்பதற்கென்றே உருவான ‘ஆடையணி பொம்மை’ என்ற வகையில் இதற்கும் இடமுண்டு.

பெண்பிள்ளைகள் பாவை செய்து விளையாடியதைச் சங்க இலக்கியம் பல இடங்களில் பேசுகிறது. ஈர மணலில் பிடித்த வண்டற்பாவையும், பஞ்சாய் என்னும் கோரைப்புல்லால் முடைந்த பாவையும் அவற்றுள் குறிப்பிடத்தக்கவை. மரப்பாச்சியை அவற்றின் நேர்வாரிசாகக் கொள்ளப் போதிய சான்று இல்லை. ஆயினும் பாவைக்குத் தாயாகித் தன்னைப் பெரியவளாகப் பாவித்துக்கொள்ளும் விளையாட்டு இரண்டிலும் ஒன்றே. கிழக்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதியில் வளரும் செம்மரமே மரப்பாச்சிக்குரிய பழைய மூலப்பொருள் என்பதால், திருப்பதி சென்றவர்கள் இதனை வாங்கி வருவது வழக்கமாயிற்று. குழந்தை வாயில் வைத்தாலும் கேடில்லை என்ற நம்பிக்கையும் அம்மரத்தின் மருத்துவப் பெயரை ஒட்டி எழுந்ததே. அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தை நெறிப்படுத்தும் உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் செம்மரம் 1995-இல் சேர்க்கப்பட்டது. வெட்டுவதற்கும் கொண்டுசெல்வதற்கும் கடுமையான கட்டுப்பாடுகள் வந்தபின், வேறு மரங்களில் செதுக்கிச் சாயமேற்றிய பொம்மைகளும் சந்தையில் பெருகின. சில குடும்பங்களில் மணப்பெண்ணுக்குச் சீராகத் தரப்படும் இவ்விணை, நவராத்திரிக் கொலுவில் மற்ற பொம்மைகளுக்கு முன்பாகப் படியேறுகிறது.

கடலூர் மாவட்டத்தில் உள்ள பண்ருட்டி வட்டாரம் பலாவுக்கும் முந்திரிக்கும் மட்டுமன்றி, மண்ணாலும் காகிதக்கூழாலும் ஆன கொலு பொம்மைகளுக்கும் பெயர் பெற்றது. அப்பொம்மைகளில் சேலை மடிப்பும் நகையும் அச்சிலேயே வார்க்கப்பட்டு, பின்னர் வண்ணத்தால் நிறைவு பெறுகின்றன. அவற்றின் உடையை மாற்ற இயலாது. மரப்பாச்சியோ ஆண்டுதோறும் புதிய ஆடை கேட்பது. கலைஞர்களின் கற்பனைக்கு இடங்கொடுத்ததும் முடிவுபெறாத இந்த இயல்புதான் எனலாம்.

மேலை நாடுகளில் இதே வகைக்கு உலகறிந்த எடுத்துக்காட்டு, ரூத் ஹேண்ட்லரின் முயற்சியால் மேட்டல் நிறுவனம் 1959 மார்ச்சில் நியூயார்க் பொம்மைச் சந்தையில் அறிமுகப்படுத்திய பார்பி ஆகும். ஜெர்மனியின் லில்லி பொம்மையைப் பின்பற்றி உருவான அதனை, ஆண்டி வார்ஹோல் 1980-களின் நடுப்பகுதியில் புகழ்பெற்ற மனிதர்களைத் தீட்டிய அதே பாணியில் உருவப்படமாக்கினார். டாட் ஹெய்ன்ஸ் 1987-இல் பாடகி கரேன் கார்ப்பெண்டரின் வாழ்வையும், உணவை மறுக்கும் நோயால் நேர்ந்த அவரது இறப்பையும் பார்பி வகைப் பொம்மைகளைக் கொண்டே படமாக்கினார். டாம் ஃபோர்சைத் என்ற ஒளிப்படக் கலைஞர் ஆடையற்ற பார்பிகளைச் சமையலறைக் கருவிகளுக்கு நடுவே வைத்துப் படமெடுக்க, மேட்டல் 1999-இல் வழக்குத் தொடுத்தது. காப்புரிமை உள்ள படைப்பை விமரிசனத்துக்காக எடுத்தாளலாம் என்னும் ‘நியாயமான பயன்பாடு’ கோட்பாட்டின்படி, அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் 2003-இல் கலைஞரின் பக்கமே தீர்ப்பளித்தது.

மரப்பாச்சிக்கு அத்தகைய உரிமையாளர் எவருமில்லை. எனவே அதனை எடுத்தாண்ட தமிழ்க் கலைஞர்கள் ஒரு நிறுவனத்தோடு மோத வேண்டியிருக்கவில்லை. அவர்கள் எதிர்கொண்டது வீட்டையும் வழக்காற்றையுமே. கல்யாணச் சீராக வந்து, பிறர் உடுத்தியதை உடுத்தி, வைத்த இடத்தில் நிற்கும் பெண்ணுருவத்தைப் பெண்ணின் நிலையோடு பொருத்திப் பார்ப்பது இயல்பாகவே அமைந்தது. ஓவியக்கூடத்தைவிட மேடையிலும் புனைகதையிலும் இப்பொம்மை அழுத்தமாக இடம்பிடித்தது. நாடக நெறியாளர் அ. மங்கை சென்னையில் தம் குழுவுக்கு ‘மரப்பாச்சி’ என்று பெயரிட்டார். பெண், பால்நிலை தொடர்பான கேள்விகளை மேடைக்குக் கொண்டுவந்த அக்குழு, தென்னாட்டுப் பெண்ணிய வரலாற்றை ஆவணங்களின்வழி சொல்லும் வ. கீதாவின் ‘காலக்கனவு’ நாடகத்தை நிகழ்த்தியது. அசையாத பொம்மையின் பெயரை, உடலசைவையே மொழியாகக் கொண்ட நடிகர்கள் ஏற்றது துணிவான தேர்வாகும்.

எழுத்தாளர் உமா மகேஸ்வரி ‘மரப்பாச்சி’ என்ற சிறுகதையில், பருவமடையும் தறுவாயிலுள்ள சிறுமியின் தனிமையையும் தன் உடல் குறித்த அச்சத்தையும் அவளுக்கும் பொம்மைக்குமான உறவின் வழியே காட்டுகிறார். பொம்மையின் செதுக்கப்பட்ட உடலையும் வளர்ந்துவரும் தன் உடலையும் சிறுமி ஒருசேர அறியும் அக்கதை, இப்பொருளில் எழுந்த தமிழ்ப் படைப்புகளுள் மிக நுட்பமானது. யெஸ். பாலபாரதியின் ‘மரப்பாச்சி சொன்ன ரகசியம்’ என்னும் சிறார் நாவலிலோ பொம்மைக்கு வாய் திறக்கிறது. பாலியல் அத்துமீறலுக்கு உள்ளான குழந்தை அதை வெளியே சொல்லத் துணிவு பெறுவதற்கு அது துணைநிற்கிறது. பெற்றோரே பேசத் தயங்கும் செய்தியைக் குழந்தைகளுக்கு அஞ்சாமல் எடுத்துரைக்கும் இந்நாவலுக்குச் சாகித்திய அகாதெமியின் பால சாகித்திய புரஸ்கார் 2020-ஆம் ஆண்டுக்கு வழங்கப்பட்டது.