பிள்ளையோடு வருபவருக்கு ஓர் இடம்: ஆயாக் கொட்டகையிலிருந்து வாகன நிறுத்துமிடம் வரை



கேமரன் மலைக்கு வருவோர் தவறாமல் நின்று செல்லும் இடங்களுள் ஒன்று கியா பார்ம். பிரிஞ்சாங் நகரைத் தாண்டிக் கம்போங் ராஜா செல்லும் வழியில், சாலையோரமாகவே அமைந்த காய்கறிச் சந்தை அது. சுங்கை பாலாஸ் தேயிலைத் தோட்டத்திற்கும் பிரிஞ்சாங் மலை உச்சிக்கும் செல்லும் குறுகிய சாலை அதன் அண்மையில்தான் பிரிகின்றது. பள்ளி விடுமுறை நாள்களில் அங்கே வண்டிகள் சாலையின் இருமருங்கிலும் நிற்கும். நடுவில் சுற்றுலாப் பேருந்துகள் ஊர்ந்து செல்லும். இடுப்பில் ஒரு பிள்ளையும் கையில் ஒரு பிள்ளையுமாக வரும் தாய், வண்டிகளுக்கு இடையில் சாலையிலேயே நடந்து சந்தையை அடைகின்றாள். மலையின் குளிரும் சாரல் மழையும் இதனோடு சேர்ந்துகொண்டால் சொல்ல வேண்டியதில்லை.

இக்காட்சியிலிருந்து ஒரு கேள்வி எழுகின்றது. பேரங்காடிகளும் சந்தைகளும் கைக்குழந்தையோடு வரும் பெற்றோருக்கெனத் தனியாக வாகன நிறுத்துமிடம் ஒதுக்க வேண்டுமா? “எங்கள் காலத்தில் இதெல்லாம் இருந்ததா? நாங்கள் பிள்ளை வளர்க்கவில்லையா?” என்று கேட்போர் நம்மிடையே பலர் உள்ளனர். அக்காலத்தில் இருந்ததா, இல்லையா என்பது வரலாற்றுக் கேள்வி. ஆகவே வரலாற்றையே முதலில் பார்ப்போம்.

தோட்டத்தில் ஒதுக்கப்பட்ட இடம்

வில்லியம் கேமரன் 1885-ஆம் ஆண்டு இம்மலைப் பகுதியை நில அளவை செய்தார். ஆயினும் வண்டி செல்லும் சாலை தாப்பாவிலிருந்து மேலேறியது 1920-களின் பிற்பகுதியில்தான். 1929-இல் ஜே. ஏ. ரசல் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். காட்டை வெட்டிச் சரிவுகளில் செடி நட்டுக் கொழுந்து பறித்த கைகளுள் பெரும்பகுதி தமிழரின் கைகள். மலாயாவில் இந்தியத் தொழிலாளரை ஒப்பந்த முறையில் கொண்டுவருவது 1910-இல் நிறுத்தப்பட்டிருந்தது. கங்காணி முறையே நிலைத்திருந்தது. இந்தியாவின் 1922-ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டமும் அதன் கீழ் வந்த விதிகளும், ஆண்களை மட்டும் அனுப்பாமல் குடும்பங்களையும் அனுப்ப வேண்டும் என வற்புறுத்தின. இதனால் தோட்டத்திற்குப் பெண்களும் குழந்தைகளும் வந்தனர்.

தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிப்பது பெரும்பாலும் பெண்களின் வேலை. விடியற்காலையில் பெரட்டுக்குப் போக வேண்டும். பெயர் கொடுத்தபின் கூடையைச் சுமந்து சரிவில் ஏற வேண்டும். முதுகில் கூடை இருக்கும்போது பிள்ளையை எங்கே வைப்பது? இக்கேள்விக்கு மலாயாத் தோட்டங்கள் கண்ட விடைதான் ஆயாக் கொட்டகை. லயத்திற்கு அருகில் ஒரு கொட்டகை. அதில் வரிசையாகக் கட்டிய ஏணைகள். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளத் தோட்டத்துப் பெண்களுள் ஒருவர், பெரும்பாலும் வயதான ஓர் ஆயா. தாய் பெரட்டுக்குப் போகும்முன் பிள்ளையை அங்கே விட்டுச் செல்வாள். இலங்கையின் மலையகத் தோட்டங்களில் இதனையே பிள்ளை மடுவம் என்றனர். நம் பாட்டிமாரில் பலர் அந்த ஏணைகளில் வளர்ந்தவர்களே.

ஆகவே “எங்கள் காலத்தில் இருந்ததா?” என்ற கேள்விக்கு, “இருந்தது” என்பதே விடை. பிள்ளைக்கென ஓர் இடம் தோட்டத்திலேயே ஒதுக்கப்பட்டிருந்தது. ஆனால் அது யாருக்காக ஒதுக்கப்பட்டது? தாயின் இரு கைகளும் கொழுந்துக்கு வேண்டியிருந்தன; அதற்காகவே பிள்ளைக்கு இடம் கிடைத்தது. அன்பினால் கிடைத்த இடமன்று. இவ்வேறுபாட்டை நாம் மறத்தலாகாது. தாய் உழைப்பவளாக இருக்கும்வரை பிள்ளைக்கு இடம் உண்டு. அவளே சந்தைக்குப் பொருள் வாங்க வரும்போது அந்த நினைவு யாருக்கும் வருவதில்லை.

சட்டம் எழுதிவைத்தவை

பிள்ளையோடும் குடும்பத்தோடும் வருவோருக்கு இடம் ஒதுக்குவதைச் சட்டமாக எழுதும் வழக்கமும் புதியதன்று. இந்தியாவின் 1890-ஆம் ஆண்டு இரயில்வேச் சட்டம், பயணிகள் செல்லும் ஒவ்வொரு இரயிலிலும் மிகக் கீழ் வகுப்பில் ஒரு பெட்டி அறையேனும் பெண்களுக்கென ஒதுக்கப்பட வேண்டும் என்றது. ஐம்பது மைலுக்கு மேல் ஓடும் இரயிலாயின் அவ்வறையில் கழிப்பறையும் இருத்தல் வேண்டும் என்றது. முதல் வகுப்புப் பெண்களை மட்டும் எண்ணாமல், கீழ் வகுப்பில் பிள்ளையோடும் மூட்டையோடும் ஏறிய பெண்ணையும் அச்சட்டம் எண்ணிப் பார்த்தது என்பது குறிப்பிடத்தக்கது.

மலாயாக் கூட்டு மாநிலங்களின் 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டத் தொகுப்பு, பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருக்கும் தோட்டத்தில் பள்ளி அமைக்க வழிசெய்தது. நம் தோட்டத் தமிழ்ப்பள்ளிகள் பலவற்றின் வேர் அங்கேதான் உள்ளது. பிரசவித்த பெண்ணுக்குப் படித்தொகை வழங்கவும் அதே தொகுப்பு இடம் தந்தது. இந்தியாவில் 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம், ஐம்பதுக்கு மேற்பட்ட பெண்கள் வேலை செய்யும் ஆலையில் குழந்தைக் காப்பகம் கட்டாயம் என்றது. 1976-இல் அவ்வெண்ணிக்கை முப்பதாகக் குறைக்கப்பட்டது. 1951-ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டம் வால்பாறை, நீலகிரி முதலிய மலைத் தோட்டங்களுக்கும் காப்பகத்தைக் கொண்டுவந்தது. நம் நாட்டில் 1955-ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டத்தில் 60 நாளாக இருந்த மகப்பேற்று விடுப்பு, 2023 ஜனவரி முதல் நாள் தொட்டு 98 நாளாக உயர்ந்துள்ளது. மணமான தந்தையருக்கு 7 நாள் விடுப்பும் அதே நாளில் நடைமுறைக்கு வந்தது.

இவை அனைத்தும் வேலையிடத்தையும் பயணத்தையும் பற்றியவை. பொது இடத்தைப் பற்றிய நல்லதோர் எடுத்துக்காட்டு தமிழ்நாட்டில் கிடைக்கின்றது. 2015 ஆகஸ்ட்டில், உலகத் தாய்ப்பால் வாரத்தையொட்டி, அங்குள்ள பேருந்து நிலையங்களில் பாலூட்டும் தாய்மார்களுக்கெனத் தனி அறைகள் திறக்கப்பட்டன. பேருந்துக்குக் காத்திருக்கும் தாய் வேலைக்குப் போகின்றாளா, கோயிலுக்குப் போகின்றாளா என்று அவ்வறை கேட்பதில்லை. பிள்ளையோடு வந்தாள் என்பதே போதும். ஆயாக் கொட்டகைக்கும் இவ்வறைக்கும் இடையே உள்ள தொலைவு இதுதான்.

வண்டிகளின் காலம்

வாகன நிறுத்துமிடத்திற்கு வருவோம். இங்கே முதலில் வழி காட்டியவர்கள் மாற்றுத் திறனாளிகள். பிரிட்டனில் 1970-ஆம் ஆண்டுச் சட்டத்தின் பயனாக 1971-இல் அவர்களின் வண்டிகளுக்கு ஆரஞ்சு நிற அடையாள அட்டை வழங்கப்பட்டது. 2000-ஆம் ஆண்டு முதல் அது நீல நிறமாயிற்று. அந்நாட்டுப் பேரங்காடிகள் பின்னர்ப் பெற்றோருக்கும் பிள்ளைக்கும் எனத் தனி இடங்களைத் தாமாகவே ஒதுக்கின. மாற்றுத் திறனாளிக்குரிய அட்டைக்குப் பின்னால் சட்டம் நிற்கின்றது. பெற்றோருக்குரிய இடத்திற்குப் பின்னாலோ கடைக்காரரின் நல்லெண்ணமும் வாடிக்கையாளரின் நாணயமுமே நிற்கின்றன.

தென் கொரியாவின் சோல் மாநகரம் வேறொரு பாடத்தைத் தருகின்றது. அங்கே 2009-இல் பெண்களுக்கென நிறுத்துமிடங்கள் ஒதுக்கப்பட்டன. 2023-இல் அவை குடும்பங்களுக்குரிய இடங்களாக மாற்றப்பட்டன. கருவுற்ற பெண்கள், கைக்குழந்தையோடு வருவோர், முதியோர் ஆகியோர் அவற்றைப் பயன்படுத்தலாம். பதினான்கு ஆண்டுகளில் ஒரு மாநகரம் தன் கேள்வியையே மாற்றிக்கொண்டது. “வண்டியை ஓட்டுபவர் ஆணா, பெண்ணா?” என்பது போய், “வண்டியில் யார் இருக்கின்றார்?” என்பது வந்தது.

நம் நாட்டுப் பேரங்காடிகளில் இளஞ்சிவப்பு வண்ணம் பூசிய பெண்கள் நிறுத்துமிடங்களைக் காண்கின்றோம். இரவில் தனியாக வரும் பெண்ணின் பாதுகாப்பு அவற்றின் நோக்கம். அது நல்ல நோக்கமே. ஆனால் கைக்குழந்தையோடு தனியே வரும் தந்தைக்கு அங்கே இடமில்லை. தந்தைக்கும் விடுப்பு உண்டு என்று சட்டம் சொல்லிவிட்ட பிறகு, பிள்ளையைத் தாய் மட்டுமே தூக்கி வருவாள் என எண்ணுவது பொருந்துமா?

தேவை அகலமே

இங்கே ஒரு செய்தியைத் தெளிவுபடுத்த வேண்டும். தனி இடம் கேட்பது வாசலுக்கு அருகில் சொகுசாக நிறுத்துவதற்கன்று. 2020 ஜனவரி முதல் நாள் தொட்டு மலேசியாவில் தனியார் வண்டிகளில் குழந்தை இருக்கை கட்டாயமாக்கப்பட்டது. பிள்ளையின் உயிர் காக்கும் நல்ல சட்டம் அது. ஆனால் அவ்விருக்கையில் பிள்ளையை உட்கார வைத்து வார் பூட்ட வேண்டுமாயின், பின்கதவை முழுமையாகத் திறக்க வேண்டும். பெரியவர் குனிந்து உள்ளே செல்ல வேண்டும். இருபுறமும் வண்டிகள் நெருக்கி நிற்கும்போது இது இயலாது. அந்நிலையில் பெற்றோர் செய்வது என்ன? வண்டியைப் பாதி வெளியே இழுத்து, போகும் வரும் வண்டிகளின் நடுவில் நின்று பிள்ளையை ஏற்றுகின்றனர். இல்லையேல் இருக்கையைப் பயன்படுத்துவதையே விட்டுவிடுகின்றனர்.

பிரிட்டனில் ஒரு வண்டிக்குரிய வழக்கமான இடத்தின் அகலம் 2.4 மீட்டர். மாற்றுத் திறனாளிக்குரிய இடத்தில் பக்கவாட்டில் மேலும் 1.2 மீட்டர் விடுகின்றனர். நான்கு வழக்கமான இடங்களின் அகலத்தில் இரண்டு அகன்ற இடங்களை அமைத்தாலும் மீதம் இரண்டு மீட்டருக்கு மேல் கிடைக்கும். குழந்தை இருக்கையைக் கட்டாயமாக்கிய சமுதாயம், அதனைப் பயன்படுத்த வேண்டிய இந்தச் சிறு அகலத்தையும் தருவதே முறையாகும். ஒன்றைக் கேட்டு மற்றொன்றை மறுப்பது நியாயமாகாது.

மறுப்புகளும் விடைகளும்

“இடம் ஒதுக்கினால் வேறு யாராவது நிறுத்திவிடுவர்” என்பது ஒரு மறுப்பு. மாற்றுத் திறனாளிகளின் இடத்திலேயே மனச்சான்று இன்றி நிறுத்துவோர் உள்ள நாட்டில் இம்மறுப்பைத் தள்ளிவிட முடியாது. ஆனால் விதியை மீறுவோர் உள்ளனர் என்பதற்காக விதியே வேண்டா என்று யாரும் சொல்வதில்லை.

“மாற்றுத் திறனாளிகளின் இடம் குறைந்துவிடுமே” என்பது மற்றொன்று. இம்மறுப்பு சரியானது. ஆகவே பெற்றோருக்குரிய இடம் பொது இடங்களிலிருந்தே எடுக்கப்பட வேண்டும். வாசலுக்கு மிக அருகிலுள்ள இடம் மாற்றுத் திறனாளிக்கே உரியது. பிள்ளையின் பருவம் சில ஆண்டுகளில் கடந்துவிடும். மாற்றுத் திறனாளி பலரின் தேவை வாழ்நாள் முழுவதும் தொடர்வது.

மூன்றாவது மறுப்பை யாரும் சொல்வதில்லை. ஆயினும் அதுவே மிக வலியது. வண்டி இல்லாத தாய்க்கு என்ன? தோட்டத்திலிருந்து பேருந்தில் இறங்கியும், மோட்டார் சைக்கிளின் பின்னால் அமர்ந்தும், நடந்தும் சந்தைக்கு வருபவள் அவள். தோட்டங்களில் இன்று அயல்நாட்டுத் தொழிலாளர்கள் பலர் உள்ளனர். நம்மவரில் பலர் நகரங்களுக்குப் பெயர்ந்துவிட்டனர். ஆனாலும் வண்டியில்லாத தாய் மறைந்துவிடவில்லை. நிறுத்துமிடத்தை மட்டும் கேட்டு நிறுத்திக்கொண்டால், இரயிலில் முதல் வகுப்புப் பெண்ணுக்கு மட்டும் பெட்டி கேட்டவர்கள் ஆவோம். 1890-இல் சட்டம் எழுதியவர்களுக்கு இருந்த நினைவு நமக்கும் இருக்க வேண்டாமா?

கியா பார்மில் தொடங்கலாம்

எனவே என் கருத்து இது: ஒதுக்க வேண்டும், ஆனால் வரிசை முறையோடு ஒதுக்க வேண்டும். கியா பார்ம் போன்ற இடத்தில் முதல் தேவை, வண்டிகள் ஏற முடியாத ஒரு நடைபாதை. அது வண்டியில் வந்த தாய்க்கும் நடந்து வந்த தாய்க்கும் பொதுவானது. அடுத்த தேவை, பிள்ளையோடு வருவோர் பாதுகாப்பாக இறங்குவதற்குச் சாலையிலிருந்து சற்று விலகிய ஓரிடம். அதன்பின் அகன்ற நிறுத்துமிடங்கள் சில. அவற்றின் பலகையில் தாயின் படம் மட்டும் இல்லாமல் பிள்ளையின் படமும் இருக்கட்டும். பாலூட்டுவதற்குச் சிறு மறைப்பு அறை ஒன்றும் இருப்பின் மிக நன்று.

இதனை ஊராட்சி மன்றத்திடமும் கடைக்காரர்களிடமும் கேட்கும் உரிமை நமக்கு உண்டு. அதற்கு முன்னர் நம் பள்ளி வாசலைப் பார்ப்போம். பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தன்றும் விளையாட்டுப் போட்டியன்றும் வாசலுக்கு அருகிலுள்ள இடங்கள் யாருக்கு ஒதுக்கப்படுகின்றன? சிறப்பு விருந்தினருக்கும் ஆசிரியருக்குமே அல்லவா? கைக்குழந்தையைத் தோளில் சாய்த்துக்கொண்டு, பாலர் பள்ளிப் பிள்ளையையும் பிடித்துக்கொண்டு, மேட்டில் ஏறி வரும் தாய்க்கு இரண்டு இடங்களை ஒதுக்க எந்தச் சட்டமும் தேவையில்லை. ஒரு கயிறும் ஓர் அட்டையும் போதும். அவ்வட்டையை மாணவர்களைக் கொண்டே எழுதச் செய்யலாம். எதற்காக அந்த இடம் என்று அவர்களுக்கு விளக்குவது நல்லதொரு நன்னெறிக் கல்விப் பாடமாகவும் அமையும்.

கொழுந்துக்காக அன்று பிள்ளைக்கு இடம் கொடுத்தனர். பிள்ளைக்காகவே பிள்ளைக்கு இடம் கொடுக்க நம்மால் இயலாதா? சிந்திப்போம், அடுத்த பள்ளி நிகழ்ச்சியிலேயே செயல்படுத்துவோம்.