செயல்வழிக் கற்றல்

தமிழ்நாட்டு அரசுத் தொடக்கப் பள்ளிகளில் நடைமுறைக்கு வந்த கற்பித்தல் முறை. 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகள் 13இல் தொடங்கி, 2007–08இல் மாநிலமெங்கும் பரவியது. ஆந்திரத்தின் ரிஷிவேலிப் பள்ளி கிராமப்புறக் குழந்தைகளுக்காக உருவாக்கிய முறையே இதற்கு முன்மாதிரி.

பாடம் சிறு அட்டைகளாகப் பிரிக்கப்பட்டு, சுவரில் மாட்டிய கற்றல் ஏணியில் வரிசைப்படுத்தப்படும். குழந்தை தான் நிற்கும் படியைப் பார்த்து, அதற்குரிய சின்னமிட்ட அட்டையைத் தட்டிலிருந்து தானே எடுத்துக்கொள்ளும். பிறகு ஆசிரியர் உதவிக் குழு, சக மாணவர் உதவிக் குழு, தானே கற்கும் குழு எனச் சின்னத்துக்கேற்ற குழுவில் பாயில் அமரும். ஆசிரியரும் தரையில்தான். கரும்பலகைகள் குழந்தையின் கை எட்டும் உயரத்தில் இருக்கும். வரைந்த படங்கள் தலைக்குமேல் கம்பிப்பந்தலில் தொங்கும்.

இம்முறையின் மெய்யான சாதனை, பின்தங்கியவரை வகுப்பிலேயே தக்கவைத்தது. பயிர்வேலைக்காகப் பெற்றோருடன் வெளியூர் சென்று திரும்பும் பிள்ளை, விட்ட அட்டையிலிருந்தே தொடரலாம். மற்றவர்கள் தன்னைத் தாண்டிப் போய்விட்டதாக அது உணர வேண்டியதில்லை. மெதுவாகக் கற்பவர் எல்லார் முன்னும் எழுந்து நின்று திணற வேண்டியதுமில்லை.

ஆனால் ஓராசிரியர் பல வகுப்புகளைக் கவனிக்கும் பள்ளியில் ஒவ்வொருவரின் படியையும் பின்தொடர்வது கடும் உழைப்பு. கிழிந்த, தொலைந்த அட்டைக்கு உடனே மாற்று கிடைக்காவிட்டால் ஏணி அங்கேயே நின்றுவிடும். குழந்தைகளை வகுப்பால் அன்றிக் கற்றல் நிலையால் பிரிக்கும் இம்முறையின் அணுகுமுறை, 2022இல் தொடங்கிய ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்தின் அரும்பு, மொட்டு, மலர் நிலைகளிலும் காணப்படுகிறது.