கப்பாபைக்கஸ்: ஒரு செம்பாசியின் பெயர் வரலாறு

வணிகக் கடற்பாசிகளுள் பெயர்க்குழப்பம் மிகுந்த ஒன்று கப்பாபைக்கஸ் ஆல்வரேசி. சந்தையில் இதற்கு வழங்கும் பெயர் 'கோட்டோனி'. 1913இல் வெபர் வான் போசே யூக்கியூமா கோட்டோனி எனப் பெயரிட்ட பாசியோ வேறொரு சிற்றினம். 1970களில் பிலிப்பைன்ஸில் பண்ணை வளர்ப்பு பெருகியபோது ஏற்றுமதியாளரிடையே நிலைத்த பிழைப்பெயர் இன்றுவரை நீங்கவில்லை.

குழப்பத்தின் வேர் பாசியின் உடலமைப்பிலேயே உள்ளது. ஷ்மிட்ஸும் அவருக்குப்பின் கைலினும் செம்பாசிகளைப் பெண் இனப்பெருக்க உறுப்பு, கருவுறுதலுக்குப் பிந்தைய வளர்ச்சி ஆகியவற்றைக் கொண்டு வகைப்படுத்தினர். பண்ணைப்பாசி துண்டுகளாக்கிக் கயிற்றில் கட்டி வளர்க்கப்படுவது. அதில் அவ்வுறுப்புகள் அரிதாகவே தோன்றும். எஞ்சும் அடையாளங்களான கிளைப்பு, தடிமன், நிறம் ஆகியவை ஒளிக்கும் அலைக்கும் ஏற்ப மாறுகின்றன. ஒரே சிற்றினத்தில் பச்சை, பழுப்பு, சிவப்பு வடிவங்கள் காணப்படுகின்றன.

1985இல் மேக்ஸ்வெல் டோட்டி இப்பாசியை யூக்கியூமா ஆல்வரேசி எனத் தனிச்சிற்றினமாக விவரித்தார். 1988இல் கப்பாபைக்கஸ் பேரினத்தையும் நிறுவினார். கப்பா வகைக் கராஜீனன் தரும் பாசிகளை, அயோட்டா வகை தரும் யூக்கியூமாவிலிருந்து பிரிப்பதே அவர் நோக்கம். பேரினத்தின் பெயரிலேயே வேதியியல் இடம்பெற்றது வகைப்பாட்டில் அரிய நிகழ்வு.

மரபணுச் சான்று பின்னரே வந்தது. 2006இல் ஜுக்கரெல்லோவும் உடனாய்வாளர்களும் மைட்டோகாண்ட்ரியா, கணிகம் ஆகியவற்றின் டிஎன்ஏ வரிசைகளை ஒப்பிட்டனர். ஆல்வரேசியும் ஸ்ட்ரயேட்டமும் (இலக்கணத் திருத்தத்திற்குப் பின் ஸ்ட்ரயேட்டஸ்) மரபியல்படி வெவ்வேறானவை என உறுதியாயிற்று. உலகெங்கும் பயிராகும் ஆல்வரேசியின் மைட்டோகாண்ட்ரியா வரிசைகள் பெரிதும் ஒத்திருந்தன. பலநாட்டுப் பண்ணைகள் குறுகியதொரு மரபுவழியைச் சார்ந்திருப்பதை இது காட்டுகிறது. நோய் பரவினால் தாங்குந்திறன் எவ்வளவு என்னும் வினா இங்கேதான் எழுகிறது. 2014இல் மலேசிய ஆய்வாளர்கள், பண்ணைகளில் வேறுபெயரில் வளர்ந்துவந்த பாசியை உருவவியலும் டிஎன்ஏவும் கொண்டு கப்பாபைக்கஸ் மலேசியானஸ் எனப் புதுச்சிற்றினமாக்கினர். வரிசை வேறுபட்டது என்பதோடு அவர்கள் நின்றுவிடவில்லை, உடலமைப்பையும் விவரித்தனர். இதுவே பின்பற்றத்தக்க முறை.

இந்தியாவில் இச்சிக்கலுக்குத் தனி வரலாறு உண்டு. சௌராட்டிரக் கரையில் நடந்த வளர்ப்பைப் பற்றிய 1995ஆம் ஆண்டுக் கட்டுரை பாசியைக் கப்பாபைக்கஸ் ஸ்ட்ரயேட்டம் என்றது. மண்டபம் பகுதியில் வளர்ப்பு பரவியபின் வந்த கட்டுரைகள் ஆல்வரேசி என்றன. பெயர்களை மட்டும் நம்பும் வாசகர் இருவேறு அயலினங்கள் வந்திறங்கியதாகக் கருதக்கூடும். 2008இல் மன்னார் வளைகுடாவின் குருசடைத் தீவுப் பவளங்களின்மீது இப்பாசி படர்ந்தது அறிவிக்கப்பட்டபோது, பெயர் நூலக விவகாரமாக மட்டும் இருக்கவில்லை. படர்ந்தது எச்சிற்றினம், எவ்வளிப்பிலிருந்து வந்தது என்பவை பாதுகாப்பு நடவடிக்கைக்கு அடிப்படை. சிற்றினத்தை டிஎன்ஏ சொல்லிவிடும். பண்ணைப்பாசிகளின் வரிசைகள் இவ்வளவு ஒத்திருக்கையில், எப்பண்ணையிலிருந்து வந்தது என்பதை அதே குறிகளால் பிரித்தறிதல் கடினம். அதற்கு நாற்றுப்பாசி கைமாறிய பதிவுகளும், நாள், இடம் குறித்த உலர்மாதிரிகளும் தேவை. பழைய கட்டுரைகளின் ஸ்ட்ரயேட்டம் என்னும் பெயரைச் சரிபார்க்கவும் அம்மாதிரிகளே வழி.