உடுமீனும் பெயர் மாறாட்டமும்

தமிழில் 'மீன்' என்னும் சொல் நீர்வாழ் உயிரையும் குறிக்கும். வானத்து ஒளிரும் உடுவையும் குறிக்கும். ஆதலின், கடலடியில் ஐந்து கரம் விரித்துக் கிடக்கும் உயிரை 'உடுமீன்' என்றழைத்தால், 'அது மீனன்று' என விலங்கியலார் தடை கூற இயலாது. பெயர் பொருந்திற்று. எனினும், ஓர் உடுமீனை மற்றொன்றினின்று பிரித்தறிதல் அத்துணை எளிதாக அமையவில்லை.

லைப்சிக் நகரத்து மருந்து வணிகர் யோகான் ஹைன்ரிக் லிங்க் 1733இல் உடுமீன்களுக்கெனவே இலத்தீனில் ஒரு நூல் வெளியிட்டார். 1758இல் லின்னேயஸ் அவை அனைத்தையும், பாம்புபோல் நெளியும் கரமுடையவற்றையும் சேர்த்து, 'ஆஸ்டீரியாஸ்' என்னும் ஒரே பேரினத்துள் அடக்கினார். புறவடிவை மட்டும் நோக்கின் அவ்வாறுதான் தோன்றும். 1842இல் மியூல்லர், திரோஷெல் என்னும் செருமானியர் இருவர் உடுமீனைப் புரட்டிப் பார்த்தனர். கரத்தின் அடியிலுள்ள குழாய்க்கால்கள் இரண்டு வரிசையா, நான்கு வரிசையா என எண்ணினர். தோல்மீதுள்ள நுண்ணிய இடுக்கிகளையும் கருத்திற்கொண்டனர். நிறமும் பருமனும் இடத்திற்கிடம் மாறும். இவை அவ்வளவாக மாறா.

தமிழர் கடலும் இவ்வாய்வுக்கு உட்பட்டதே. சென்னை அருங்காட்சியகத்தின் எட்கர் தர்ஸ்டன் தூத்துக்குடியில் திரட்டிய முட்தோலிகளை ஆராய்ந்து, ஜெஃப்ரி பெல் 1888இல் இலண்டனில் அறிக்கை வெளியிட்டார்.

வடகடல்களோ பெருஞ்சிக்கல் தந்தன. 'ஆல்பட்ராஸ்' என்னும் ஆய்வுக் கப்பல் வட பசிபிக்கில் வாரிவந்தவற்றை வால்டர் ஃபிஷர் 1911 முதல் 1930 வரை மூன்று பகுதிகளாக வகைப்படுத்தினார். அங்குள்ள 'லெப்டாஸ்டீரியாஸ்' இனங்கள் தம் குஞ்சுகளை அடைகாப்பவை. குஞ்சுகள் நீரோட்டத்தில் மிதந்து பரவாமையால், விரிகுடாதோறும் தோற்றம் வேறுபடும். எது தனி இனம், எது வேறுபாடு மட்டும் என்னும் வழக்கு நெடுங்காலம் தீரவில்லை.

இஃது ஏட்டுச் சண்டையன்று. பாகான் டாலாம் கரையில் வாழ்வோர்க்குப் பெருங்கப்பல்கள் புதியன அல்ல. சரக்கை இறக்கிய கப்பல், சாயாதிருக்கத் தன் அடித்தொட்டிகளில் கடல்நீரை நிரப்பிக்கொண்டு புறப்படும். சரக்கேற்றும் துறையில் அதனைக் கொட்டும். அந்நீரில் கண்ணுக்குப் புலப்படா இளவுயிர்கள் உலகைச் சுற்றும். ஜப்பான், கொரியா, உருசியக் குளிர்கடல்களுக்குரிய 'ஆஸ்டீரியாஸ் அமுரென்சிஸ்' என்னும் உடுமீன் இவ்வழியே ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாவை அடைந்தது என்பது ஆய்வாளர் கருத்து. (பினாங்கின் வெதுநீர் அதற்கு ஒவ்வாது, அவ்வகையில் நாம் தப்பினோம்.)

1986இல் டெர்வென்ட் ஆற்றுமுகத்தில் அது பிடிபட்டது. பிடித்தும் பயனில்லை! அந்நாட்டுக்கே உரிய 'யூனியோஃபோரா கிரானிஃபெரா' எனப் பிழையாக இனங்காணப்பட்டது. உள்ளூர் உயிரென்றால் அஞ்சுவார் யார்? 1992இல் உண்மை வெளிப்படுவதற்குள் ஆறாண்டுகள் கழிந்தன; அது களையவொண்ணாதபடி பெருகிவிட்டது. சிப்பிகளைத் தின்றது. புள்ளிக் கைமீன் என்னும் அரிய மீன் முட்டையிடப் பற்றுக்கோடாகக் கொள்ளும் கடற்குடுவை உயிர்களையும் தின்றது. பின்னர் மெல்பர்ன் நகரத்தை அடுத்த போர்ட் ஃபிலிப் விரிகுடாவிலும் கால்கொண்டது.

முதிர்ந்த உடுமீனிலேயே இத்துணை மயக்கமெனின், நீரில் மிதக்கும் இளவுயிரைப் பற்றிச் சொல்ல வேண்டுவதில்லை. அதனைக் கண்ணால் இனங்காணும் முயற்சியை விடுத்து, கப்பல் நீரில் அதன் மரபணுக் கூற்றைத் தேடிக் கண்டறியும் முறையை ஆஸ்திரேலிய ஆய்வாளர் 2003இல் வெளியிட்டனர். கப்பல் நீரைக் கட்டுப்படுத்தும் அனைத்துலக ஒப்பந்தம் 2004இல் உருவாகி, 2017இல் நடப்புக்கு வந்தது.