கோ ஆட்டத்தில் அடுத்த நகர்வைக் கணிக்கும் கணினி: செயல்படுவது எப்படி?

சீனாவில் தோன்றிய கோ, 19-க்கு 19 கோடுகள் கொண்ட பலகையில் கறுப்பு, வெள்ளைக் காய்களை வைத்து ஆடப்படும் பழமையான உத்தி விளையாட்டாகும். சதுரங்கத்தில் ஒவ்வொரு முறையும் சராசரியாக 35 நகர்வுகளுக்கு இடமுண்டு. கோ ஆட்டத்திலோ அந்த எண்ணிக்கை ஏறத்தாழ 250. எனவே, 1997-இல் சதுரங்க உலக சாம்பியன் கேரி காஸ்பரோவை வீழ்த்திய ஐபிஎம் நிறுவனத்தின் டீப் புளூ கணினி, நகர்வுகளை அதிவேகமாக அலசிய முறை கோ ஆட்டத்துக்குப் போதுமானதாக இல்லை.

தேர்ந்த ஆட்டக்காரர்கள் எல்லா வாய்ப்புகளையும் ஆராய்வதில்லை. காய்கள் அமைந்துள்ள வடிவத்தைக் கண்டதும் சில இடங்களை மட்டுமே பரிசீலிக்கின்றனர். இத்திறனைக் கணினிக்குக் கற்பிப்பதே வடிவ அறிதல் முறையாகும்.

லண்டனைச் சேர்ந்த கூகுள் டீப்மைண்ட் நிறுவனம் உருவாக்கிய ஆல்பாகோ நிரலின் நரம்பியல் வலைப்பின்னலுக்கு, இணையவழி ஆட்டங்களிலிருந்து எடுக்கப்பட்ட சுமார் 3 கோடி நிலைகளைக் கொண்டு பயிற்சி அளிக்கப்பட்டது. வல்லுநர்களின் அடுத்த நகர்வை அது 57 சதவீதம் சரியாகக் கணித்ததாக 2016 ஜனவரியில் 'நேச்சர்' இதழில் வெளியான ஆய்வுக் கட்டுரை தெரிவித்தது. அதற்கு முந்தைய ஆய்வுகள் எட்டிய அதிகபட்ச அளவு 44.4 சதவீதம்.

எனினும், மனிதரின் நகர்வைக் கணிப்பது வேறு. வெற்றி தரும் நகர்வைக் கண்டறிவது வேறு. ஆகவே, ஆல்பாகோ தனக்குத்தானே ஆடிப் பயின்றதுடன், ஒவ்வொரு நிலையிலும் வெற்றிவாய்ப்பை மதிப்பிடவும் கற்றது.

2016 மார்ச் மாதம் சியோலில் நடைபெற்ற போட்டியில், தென் கொரிய வீரர் லீ செடோலை அது 4-1 என்ற கணக்கில் வென்றது. இரண்டாவது ஆட்டத்தின் 37-ஆவது நகர்வை மனிதர் ஒருவர் ஆடுவதற்கான வாய்ப்பு பத்தாயிரத்தில் ஒன்று என ஆல்பாகோவே மதிப்பிட்டிருந்தது. ஆயினும் அதையே தேர்ந்தெடுத்தது. நான்காவது ஆட்டத்தில் லீ செடோல் ஆடிய 78-ஆவது நகர்வை எதிர்பாராத ஆல்பாகோ தடுமாறித் தோற்றது.

2017-இல் அறிமுகமான ஆல்பாகோ ஜீரோ, மனிதர்களின் ஆட்டங்கள் எதையும் பார்க்காமலேயே பயின்றது. மனிதர்களின் ஆட்டங்களைக் கொண்டு பயிற்றுவிக்கப்பட்ட வலைப்பின்னலைவிட, வல்லுநர்களின் நகர்வுகளைக் கணிப்பதில் அது பின்தங்கியது. ஆனால், லீ செடோலை வென்ற பதிப்பை 100-0 என்ற கணக்கில் தோற்கடித்தது.

இதற்கு நேர்மாறான நோக்கம் கொண்டது, 2020-இல் வெளியான மாயா என்ற சதுரங்க நிரல். சிறந்த நகர்வை அன்றி, குறிப்பிட்ட தரநிலையில் உள்ள ஒருவர் ஆடக்கூடிய நகர்வை, அவர் செய்யக்கூடிய பிழைகள் உள்பட, கணிக்க முயல்கிறது. எந்த நிலையில் கற்போர் தவறுகின்றனர் என்பதை அறிந்து பயிற்சி அளிக்க இம்முறை உதவக்கூடும்.

இயந்திரத்தை வெல்ல இயலாது என்ற எண்ணத்தைக் காரணமாகக் குறிப்பிட்டு, லீ செடோல் 2019-இல் தொழில்முறை ஆட்டத்திலிருந்து ஓய்வு பெற்றார்.