டாங்கியைத் தேடிச் சென்று தாக்கும் 'நாக்': பாலைவன வெயிலோடு போராடிய ஏவுகணையின் வரலாறு

ஹைதராபாத்: 'நாக்' டாங்கி எதிர்ப்பு ஏவுகணைகளைச் சுமந்து செல்லும் சங்கிலிச் சக்கர வாகனங்களை வாங்குவதற்காக, சென்னை ஆவடியைத் தலைமையிடமாகக் கொண்ட கவச வாகனங்கள் நிறுவனத்துடன் பாதுகாப்பு அமைச்சகம் 2025 மார்ச்சில் சுமார் ரூ.1,801 கோடிக்கு ஒப்பந்தம் செய்தது. இந்த ஏவுகணைக்கான பணி தொடங்கிய ஆண்டு 1983.

அந்த ஆண்டு, ராமேஸ்வரத்தில் பிறந்த விஞ்ஞானி ஏ.பி.ஜே. அப்துல் கலாம் தலைமையில் ஒருங்கிணைந்த ஏவுகணை மேம்பாட்டுத் திட்டம் தொடங்கப்பட்டது. பிருத்வி, அக்னி, திரிசூல், ஆகாஷ், நாக் ஆகிய ஐந்தும் அத்திட்டத்தின் ஏவுகணைகள். புகழ் முழுவதும் பிருத்விக்கும் அக்னிக்கும் சென்றது. உருவில் சிறிய நாக், 1990-ல் முதன்முதலில் சோதிக்கப்பட்டபோதும் அவ்வளவாகப் பேசப்படவில்லை.

ஏன் தேவைப்பட்டது?: அப்போது இந்திய ராணுவத்திடம் இருந்த மிலன், கொங்கூர்ஸ் ஆகியவை கம்பி வழியே வழிநடத்தப்படும் ஏவுகணைகள். ஏவியவர், அது இலக்கைத் தொடும் வரை குறியை டாங்கியின் மீதே நிலைநிறுத்தியிருக்க வேண்டும். மிலன் ஏவுகணை 2 கி.மீ. தொலைவைக் கடக்கப் பத்து நொடிகளுக்கும் மேலாகும். ஏவிய இடத்தை எதிரி கண்டுகொண்டால், அந்த நொடிகளில் வீரரின் உயிருக்குப் பாதுகாப்பில்லை. ஏவியவுடன் அவர் இடம் மாறிவிட வேண்டும். மீதியை ஏவுகணையே பார்த்துக்கொள்ள வேண்டும். நாக் திட்டத்தின் நோக்கம் இதுதான்.

இதற்காக அதன் முனையில் அகச்சிவப்பு 'சீக்கர்' பொருத்தப்பட்டுள்ளது. டாங்கியிலிருந்து வெளிப்படும் வெப்பத்தைப் படமாகப் பதிந்துகொள்ளும் இக்கருவி, ஏவப்பட்ட பின்னும் அந்தப் படத்தை விடாமல் பின்தொடர்கிறது. சுமார் 43 கிலோ எடையுள்ள ஏவுகணை மேலெழும்பிச் சென்று, கவசம் மெல்லியதாக உள்ள டாங்கியின் மேற்பகுதியில் பாய்கிறது. வெடிமுனையில் இரண்டு பகுதிகள் உண்டு. முதலாவது, டாங்கியின் மேல் பதிக்கப்பட்டிருக்கும் வெடிக்கவசத்தை வெடிக்கச் செய்கிறது. அடுத்தது உட்கவசத்தைத் துளைக்கிறது.

வெயில் தந்த சோதனை: ஆண்டுகள் பல கழிந்ததற்கு வெடிமுனையோ எந்திரமோ முதன்மைக் காரணம் அல்ல, 'கண்' தான் காரணம். குளிர்ந்த இரவில், இயங்கும் டாங்கி வெப்பப் படத்தில் விளக்குப் போலத் தெரியும். கோடை நண்பகலில் ராஜஸ்தானின் மணலும் பாறையும் டாங்கிக்கு இணையாகக் கொதிக்கும்போது, இலக்கும் பின்னணியும் ஒன்றாகக் கலந்துவிடுகின்றன. முழுத் தொலைவான 4 கி.மீ.க்கு அப்பாலிருந்து அதைப் பிரித்தறிய முடியாமல் தொடக்ககாலக் கருவிகள் திணறின. டாங்கிப் போர் நிகழக்கூடிய நிலமே பாலைவனம் என்பதால், ராணுவம் இதில் விட்டுக்கொடுக்காதது நியாயமே.

மேம்படுத்தப்பட்ட சீக்கருடன் 2019 ஜூலையில் பொக்ரானில் கோடைக்காலச் சோதனைகள் நடந்தன. 2020 அக்டோபர் 22-ல் அதே இடத்தில், உண்மையான வெடிமுனையுடன் இறுதிப் பயனாளர் சோதனை வெற்றிபெற்றது. காத்திருந்த காலத்திற்கும் விலை இருந்தது. அமெரிக்காவின் ஜாவலின் 1996-லேயே படையில் சேர்ந்துவிட்டது. இந்தியாவோ அவசரத் தேவைக்கு இஸ்ரேலின் ஸ்பைக் ஏவுகணையை வாங்க நேர்ந்தது.

ஆனால் அந்த உழைப்பிலிருந்து வேறு ஏவுகணைகளும் பிறந்தன. ஹெலிகாப்டரிலிருந்து ஏவப்படும் 'ஹெலினா' 7 கி.மீ. வரை பாயும். 2021 டிசம்பரில் சோதிக்கப்பட்ட 'சாண்ட்', வெப்பத்தை நம்பாமல் மில்லிமீட்டர் அலை ரேடார் மூலம் 10 கி.மீ. வரை இலக்கைத் தேடுகிறது. நாக் எம்கே-2, 2025 ஜனவரியில் பொக்ரானில் மூன்று களச் சோதனைகளை முடித்தது.

கவச வாகனம் ஏற முடியாத மலைப்பகுதிகளில் காலாட்படையே ஏவுகணையைச் சுமந்து செல்ல வேண்டும். அதற்காக, 15 கிலோ அளவிலான எடையும் 2.5 கி.மீ. பாய்ச்சலும் கொண்ட தனி ஏவுகணையை டிஆர்டிஓ உருவாக்கி, 2018 செப்டம்பரில் மகாராஷ்டிரத்தின் அகமதுநகரில் முதன்முறையாகச் சோதித்தது.